காற்றை எடைபோட்ட ஜுல்பிகர்

கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் சாலையில் தராசுக் கடை வைத்திருக்கும் ஜுல்பிகருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யார் எந்த எண்ணைச் சொன்னாலும் அதை அளந்து பார்த்தே ஆகவேண்டும். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை ஆறடி உயரம் என்று பெருமையாகச் சொன்னார்கள். ஜுல்பிகர் மாப்பிள்ளை நின்ற கதவுச் சட்டத்தைச் சாப்பாட்டுக்குப் பிறகு டேப் வைத்து அளந்து, ஐந்தடி பத்து என்று கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததோடு நிற்காமல் சொல்லியும் விட்டார். மாப்பிள்ளை வீட்டார் மூன்று மாதம் அந்தக் கடைப் பக்கமே வரவில்லை.

நாற்பத்துநாலு வயது. தொண்ணூற்றொரு கிலோ. இந்த இரண்டாவது எண்ணை அவரே தினமும் காலையில் கடை எடைமேடையில் ஏறிச் சரிபார்த்துக்கொள்வார்.

இரண்டு வருடம் முன்பு அவர் ஒரு பழைய யெஸ்டி மோட்டார்சைக்கிள் வாங்கினார். எண்பத்திரண்டாம் வருடத்து வண்டி. இரட்டை சைலன்சர், பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்றவேண்டும், உதைத்து ஸ்டார்ட் செய்த அதே கம்பியை மடக்கிவிட்டால் அதுவே கியர். அதைச் சீர்செய்து விற்றவர் மெக்கானிக் தீனதயாளன். மெலிந்த உடம்பு, பேச்சு மட்டும் கனம். விற்கும்போதே சொன்னார்: "பாய், பேருக்குத்தான் பழைய வண்டி. முறுக்கினா நூத்தி இருவது. கண்ணால பாத்து சொல்றேன்."

அதையும் அளந்துதானே ஆகவேண்டும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சேலம் நெடுஞ்சாலையில் ஏறினார். முள் எண்பதைத் தொட்டது, தொண்ணூறைத் தொட்டது. கைப்பிடி நடுங்கி முழங்கை வரை கூசியது. முள் நூறைத் தாண்டியபோது ஜுல்பிகருக்குக் கண்ணாடிக்குள்ளே கண் கலங்கியது. உலகத்திலேயே வேகமான தராசு வியாபாரி தாமே என்று அந்த நிமிடம் நினைத்துக்கொண்டார்.

அப்போது அவருக்கு வலப்பக்கம் ஒரு பஸ் வந்தது. அவசரமே இல்லாமல் கூடவே வந்தது. ஜன்னலோரம் ஒருவர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். ஜுல்பிகரின் முள் நூறில் நிற்க, அந்த பஸ் அரை கிலோமீட்டர் தூரம் அவருக்கு இணையாகவே ஓடியது.

டீக்கடையில் அந்த பஸ் நின்றதும் ஜுல்பிகரும் நிறுத்தினார். டிரைவரிடம் போய்க் கேட்டார்.

"அண்ணே, இப்ப எவ்ளோல வந்தீங்க?"

"எண்பதுங்க."

"நூறு இல்லியா?"

"எங்க போறது நூறு? எண்பதுக்கு மேல போவாத மாதிரி பூட்டு போட்டு வெச்சிருக்காங்க. இன்னா மெதிச்சாலும் அவ்ளோதான்."

ஜுல்பிகர் டீயைக் குடிக்காமலே கிளாஸைத் திருப்பிக் கொடுத்தார். தமது முள் நூறு என்கிறது. பக்கத்தில் ஓடியவர் எண்பது என்கிறார். இரண்டில் ஒன்று பொய். தராசுக் கடைக்காரனின் சொந்த வண்டியில் பொய் மீட்டரா? வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் முள்ளைத்தான் முறைத்துக்கொண்டு வந்தார்.

மனைவி நௌஷீன் தோசை வார்த்துக்கொண்டே கதையைக் கேட்டார். சிரிப்பார் என்று ஜுல்பிகர் எதிர்பார்த்தார். நௌஷீன் சிரிக்கவில்லை.

"போன்ல பாத்தா தெரியாதா?"

"பாத்தேனே. ஒரு தடவ தொண்ணூத்தி அஞ்சுங்குது, ஒரு தடவ எண்பத்தி எட்டுங்குது. அதயும் நம்ப முடியல."

"அப்ப ஒரு கிலோமீட்டர அளந்து கோடு போடுங்க. நான் நின்னு நேரம் பாக்கறேன். அதுக்கு மேல யார் பொய் சொல்ல முடியும்?"

இருபது வருடம் குடும்பம் நடத்தியதில் தமக்கு இப்படி ஒரு துணை வாய்த்திருப்பதை அன்றுதான் சரியாகக் கவனித்ததாக ஜுல்பிகர் பின்னாளில் சொன்னார்.

ஊருக்கு வெளியே புதிதாக ஒரு புறவழிச்சாலை போட்டு முடித்திருந்தார்கள். இன்னும் திறக்கவில்லை. இரண்டு முனையிலும் மண்ணைக் கொட்டி மறித்திருந்தார்கள். வளைவே இல்லாத நாலு கிலோமீட்டர் தார். மேற்கே கல்வராயன் மலை நீலமாக நேர் எதிரில் நிற்கும். வேலையைப் பார்த்துக்கொண்ட மேஸ்திரி, "யாருக்கும் அடிபடாம பாத்துக்கங்க பாய்" என்று தலையசைத்துவிட்டார். ஆனால் சாலை காலியாக இல்லை. தை மாதம். பக்கத்து ஊர் விவசாயிகள் அறுத்த மக்காச்சோளத்தை அதன்மேல் பரப்பிக் காயவைத்திருந்தார்கள். ஜுல்பிகருக்குத் தேவைப்பட்ட நீளம் முழுவதும் அம்சவள்ளி என்பவரின் சோளம்.

அம்சவள்ளி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, காலால் சோளத்தைக் கிளறியபடியே விஷயத்தைக் கேட்டார்.

"எவ்ளோ வேகமா போவுதுன்னு பாக்கவா?"

"ஆமாங்க."

"பாத்து?"

"தெரிஞ்சிக்கலாம்" என்றார்.

அம்சவள்ளி கிளறுவதை நிறுத்தினார். பிறகு சொன்னார்: "எட்டு மணிக்கு மேலதான் நான் சோளத்த பரப்புவேன். அதுவரைக்கும் குமிச்சிதான் கெடக்கும். அதுக்குள்ள உங்க ஆட்டத்த முடிச்சிக்கங்க. ஆனா நானும் பாப்பேன்."

மறுநாளே ஜுல்பிகரும் தீனதயாளனும் முப்பது மீட்டர் டேப்பை வைத்துக்கொண்டு குனிந்து குனிந்து ஆயிரம் மீட்டரை அளந்தார்கள். இரண்டு முனையிலும் குறுக்கே சுண்ணாம்புக் கோடு. தீனதயாளன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "நூத்தி இருவதுன்னு சொன்னா நம்பக்கூடாதா? கொலக் குத்தமா பண்ணிட்டேன்?" என்று முனகிக்கொண்டே வந்தார்.

ஏற்பாடு எளிமையானது. ஒன்றரை கிலோமீட்டருக்கு முன்பிருந்தே ஜுல்பிகர் முறுக்கிக்கொண்டு வருவார். முதல் கோட்டைத் தாண்டும் நொடியில் அம்சவள்ளி தலைத்துண்டைக் கீழே வீசுவார். இரண்டாவது கோட்டில் நிற்கும் நௌஷீன் அதைப் பார்த்ததும் போனில் விநாடிக் கடிகாரத்தை ஓடவிட்டு, வண்டி தம்மைக் கடக்கும்போது நிறுத்துவார்.

தராசுக் கடைக்காரருக்கு இதில் இன்னொரு நியாயமும் தெரிந்திருந்தது. இரட்டைத் தட்டுத் தராசில் சந்தேகம் வந்தால் சரக்கையும் படிக்கல்லையும் தட்டு மாற்றி இன்னொரு முறை நிறுப்பார்கள். ஒரு பக்கம் கூட்டிக் காட்டியது மறுபக்கம் குறைந்து காட்டும். இரண்டுக்கும் நடுவில் உண்மை இருக்கும். அதுபோல மலையைப் பார்த்து ஒரு ஓட்டம், மலைக்கு முதுகு காட்டி ஒரு ஓட்டம். கீழ்க்காற்று ஒரு பக்கம் தள்ளும், மறுபக்கம் தடுக்கும். இரண்டையும் சேர்த்துப் பாதியாக்கவேண்டும்.

முதல் நாள் கணக்கு வந்தது. முள் நூற்றிப் பதினைந்தைத் தொட்டு நின்றது. கடிகாரம் சொன்ன வேகம் தொண்ணூற்றாறு.

"கடிகாரத்துல கோளாறு" என்றார் தீனதயாளன்.

"நாலு தடவ பாத்தாச்சு அண்ணே" என்றார் நௌஷீன்.

தீனதயாளன் அடுத்த காரணத்துக்குப் போனார். "அப்போ பாரம் ஜாஸ்தி. வண்டி இன்னா பண்ணும்? தொண்ணூறு கிலோ மூட்ட ஒக்காந்துக்கினு இருந்தா?"

ஜுல்பிகருக்கு இது கோபத்துக்குப் பதிலாக நம்பிக்கையைத் தந்தது. எடை என்றால் அவருடைய பேட்டை. அன்று மாலையே லெக் கார்டு, சேலை கார்டு, கேரியர், பெரிய ஸ்டாண்டு, டூல்ஸ் பெட்டி எல்லாவற்றையும் கழற்றி எடைமேடையில் அடுக்கினார். பதினேழு கிலோ நானூறு கிராம். மறுநாள் காலை டீ கூடக் குடிக்காமல் வெறும் வயிற்றோடு ஓட்டினார். பதினேழு கிலோ போனால் ஐந்தாறு கிலோமீட்டராவது ஏறவேண்டாமா?

ஏறவில்லை. தொண்ணூற்றாறே கால். வேகம் பிடிக்க எடுத்துக்கொண்ட தூரம் கொஞ்சம் குறைந்திருந்தது, அவ்வளவுதான்.

வாழ்நாள் முழுக்க எடையை நம்பிப் பிழைத்தவருக்கு இது விளங்கவில்லை. இரண்டு நாள் கழற்றிய இரும்பையே திரும்பத் திரும்ப நிறுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் தீனதயாளன் சங்கிலி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, கையில் கிரீஸோடு ஓடிவந்தார்.

"பாய், முன்னால இருக்கற பல்சக்கரத்துல பதினெட்டு பல்லு இருக்கணும். இதுல எண்ணிப் பாத்தா பதினஞ்சுதான் இருக்குது! நான் வாங்கும்போதே இப்படித்தான் இருந்திருக்கு. நான் கவனிக்கல."

பொய் எங்கே இருந்தது என்று அப்போது தெரிந்தது. அந்த வண்டியில் மீட்டர் எண்ணுவது சக்கரத்தை அல்ல, கியர்பாக்ஸின் சுற்றை. பதினெட்டுப் பல் இருக்கிறது என்று நம்பி அது எண்ணிக்கொண்டிருந்தது. பல் குறைந்தால் என்ஜின் அதிகம் சுற்றும், சக்கரம் குறைவாகச் சுற்றும், முள் மட்டும் பழைய நம்பிக்கையில் ஏறிக்கொண்டே போகும். பாவம், அது தெரிந்தே பொய் சொல்லவில்லை.

வேறு யாராவது இருந்தால் புதுச் சக்கரம் வாங்கி மாட்டியிருப்பார்கள். ஜுல்பிகருக்கு அதை மாற்றியது யார், எதற்காக மாற்றினார்கள் என்று தெரியவேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் முதல் பெயர் ராயப்பன். கச்சிராயபாளையம். தேடிக்கொண்டு போனார். ராயப்பன் இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அவருடைய மனைவி அமலோற்பவம் இருந்தார். ஓய்வுபெற்ற கிராம நர்ஸ். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டதுமே எழுந்து வந்துவிட்டார்.

"எங்க வண்டி சத்தம்தான் இது! வா தம்பி. உக்காரு."

ஜுல்பிகர் பல்சக்கரத்தைப் பற்றிக் கேட்டார். அமலோற்பவம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"அத மாத்தச் சொன்னதே நான்தான். அவரு சுகாதார இன்ஸ்பெக்டரு. வாரத்துக்கு ரெண்டு நாளு வெள்ளிமலைக்கு மேல போவணும். நான் பின்னால, என் மடியில தடுப்பூசி பெட்டி, ஐஸோட. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுலயும் வண்டி திணறி நின்னுபூடும். நான் பெட்டிய தூக்கிக்கினு எறங்கி நடப்பேன். இவரு மேல போய் நின்னுக்கினு, 'சீக்கிரம் வா அமலோற்பவம், ஐஸ் உருகுது'ன்னு கத்துவாரு. ஒரு நாளு சொல்லிட்டேன். ஒண்ணு வண்டிய மாத்துங்க, இல்லன்னா பொண்டாட்டிய மாத்துங்க."

"அப்ப இத மாட்டுனாரா?"

"ஆமா. அதுக்கப்புறம் மலை மேல ஆடு மாதிரி ஏறும். சமதரையில இன்னா வேகம் போனா யாருக்கு இன்னா? நாங்க முப்பதுக்கு மேல போனதே இல்ல."

"நூத்தி இருவது போவும்னு சொல்றாங்களே?"

"யாரு சொன்னது?" என்று கேட்டுவிட்டு, மறுபடியும் சிரித்தார். உள்ளே போய்ப் பழைய பால்பவுடர் டப்பா ஒன்றைக் கொண்டுவந்தார். எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, கழற்றிய பழைய சக்கரம். பதினெட்டுப் பல். "எடுத்துக்கினு போ. எனக்கு எதுக்கு? ஆனா எவ்ளோ போச்சுன்னு ஒரு போன் பண்ணி சொல்லு. நானும் தெரிஞ்சிக்கறேன்."

பதினெட்டுப் பல் மாட்டி ஓட்டியபோது முள்ளும் கடிகாரமும் ஏறக்குறைய ஒத்துப்போயின. முப்பத்தாறு விநாடி. மணிக்கு நூறு. ஜுல்பிகர் இறங்கி வந்து நௌஷீனின் கையிலிருந்த போனை வாங்கி, அந்த எண்ணைத் தாமே ஒருமுறை பார்த்தார். உண்மையான நூறு. பொய் நூறை விட அது நிதானமாக இருந்தது, கைப்பிடி கூட அவ்வளவாக நடுங்கவில்லை.

ஆனால் நூறோடு நின்றுவிட்டது. எவ்வளவு முறுக்கினாலும் அதற்கு மேல் இல்லை. என்ஜினில் இன்னும் தெம்பு இருப்பது தெரிகிறது. ஏதோ ஒன்று மார்பில் கை வைத்துத் தள்ளுகிறது.

"காத்துதாங்க" என்றார் நௌஷீன். "ஸ்கூட்டர்ல வேகமா போனா எனக்கே தெரியுதே."

"காத்துக்கு இன்னா எடை இருக்கப் போவுது?"

அந்தக் கேள்வி அவரையே பிடித்துக்கொண்டது. காற்றுக்கு என்ன எடை?

அன்று மத்தியானம் கடையின் லோடு வண்டியில் தண்டவாளம்போல இரண்டு சட்டங்களைப் பொருத்தினார். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பிளைவுட் பலகை ஒன்று, வண்டியின் கூரைக்கு மேலே காற்றை எதிர்த்து நிமிர்ந்து நின்றபடி அந்தச் சட்டங்களில் முன்னும் பின்னும் வழுக்கும். காற்று பலகையைப் பின்னால் தள்ளினால் முன்னே கட்டியிருக்கும் சுருள்தராசு இழுபடும். அதன் முள் எத்தனை கிலோ என்று காட்டும். கறிக்கடைக்காரர்கள் கொக்கியில் மாட்டித் தூக்கிப் பார்ப்பார்களே, அதே தராசு. மறுநாள் காலையில் தீனதயாளன் லோடு வண்டியை ஓட்ட, ஜுல்பிகர் பின்னால் நின்று முள்ளைப் பார்த்தார். வேகத்தைக் கோட்டுக்குக் கோடு நௌஷீன் நேரம் எடுத்துச் சரிபார்த்தார். அம்சவள்ளி சோளக் குவியலின் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டார்.

முப்பதில் போனபோது ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல்.

"அறுவதுல போ!" என்று ஜுல்பிகர் கூரையைத் தட்டினார். வேகம் இரண்டு மடங்கானால் காற்றும் இரண்டு கிலோவாகும் என்று மனசுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தார்.

முள் நாலே கால் கிலோவில் போய் நின்றது.

அவர் நம்பவில்லை. திரும்பத் திரும்ப ஓட்டச் சொன்னார். ஐந்து முறையும் நாலு, நாலே கால். எண்பதில் ஏழரை. பலகை படபடவென்று அடித்துக்கொண்டது. நாற்பத்துநாலு வருடமாகத் தம்மைச் சுற்றிச் சும்மா கிடந்த ஒன்று, வேகம் கூடக்கூட மூட்டைமேல் மூட்டையாக வந்து அடுக்கிக்கொள்வதை ஜுல்பிகர் முதல்முறையாகத் தராசில் பார்த்தார். வேகம் இரட்டித்தால் காற்று நாலு மடங்கு. வண்டியிலிருந்து கழற்றிய பதினேழு கிலோ இரும்பு ஏன் எதையும் செய்யவில்லை என்பது அங்கேதான் புரிந்தது. ஓடத் தொடங்கிய வண்டி இரும்பைச் சுமப்பதில்லை, காற்றைத்தான் சுமக்கிறது. அவருடைய மார்பின் அகலம் இந்தப் பலகையைப் போல எத்தனை பலகை!

"நான்தான் பலகை" என்றார் இறங்கி வந்து.

"அத நான் மொதல்லயே சொன்னேன்" என்றார் தீனதயாளன்.

"நீ மூட்டைன்னு சொன்ன. பலகைன்னு சொல்லல."

மறுநாள் ஹெல்மெட்டைப் பெட்ரோல் டாங்கில் ஒட்டினாற்போல வைத்து, முழங்கையை உள்ளே இழுத்து, குப்புறப் படுத்துக்கொண்டு ஓட்டினார். தூரத்திலிருந்து பார்த்த அம்சவள்ளி ஆளில்லாமல் வண்டி வருகிறது என்று பயந்துபோய்த் துண்டை வீச மறந்துவிட்டார். இன்னொரு முறை போகவேண்டியதாயிற்று.

படுத்தபோது தார்ச்சாலை முகத்துக்கு அருகில் ஓடியது. சுண்ணாம்புக் கோடு ஒரு வெள்ளை மின்னலாக அடியில் போயிற்று. மலையைப் பார்த்து ஓடியது முப்பத்திரண்டு விநாடி. மலைக்கு முதுகு காட்டி முப்பத்துநாலரை. நௌஷீன் இரண்டையும் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று மாற்றிக் கூட்டிப் பாதியாக்கி, இன்னொரு முறை போட்டுப் பார்த்து, சத்தமாகச் சொன்னார்.

"நூத்தி எட்டு!"

அம்சவள்ளி கைதட்டினார். தீனதயாளன் மட்டும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

"பாய், இவ்ளோ வந்தாச்சு. பன்னெண்டுதான் கம்மி. நூத்தி இருவதுன்னே சொல்லிக்கலாம். யாரு வந்து பாக்கப் போறாங்க?"

"நான் பாத்துட்டேனே தீனா" என்றார் ஜுல்பிகர்.

கச்சிராயபாளையத்துக்கு அங்கிருந்தே போன் போட்டார். அமலோற்பவம் நூற்றியெட்டை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். "யேசுவே! அதும்மேலயா நான் தடுப்பூசி பெட்டிய வெச்சிக்கினு போனேன்?" என்றார்.

மணி ஏழரைதான். அம்சவள்ளிக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது. நௌஷீன் துப்பட்டாவை இழுத்துச் சொருகிக்கொண்டு ஹெல்மெட்டைக் கையில் எடுத்தார்.

"இப்ப என்ன ஏத்திக்கினு போங்க."

"நீ அம்பத்திநாலு கிலோ. வண்டி எண்பதைத் தாண்டாது."

"கிலோ பேச்ச விடுங்க. நீங்கதான பலகை? நான் பலகைக்கு பின்னால ஒக்காரப் போறேன். ஒரு விநாடிக்கு மேல ஏறாது, பாருங்க."

கடிகாரம் அம்சவள்ளியின் கைக்குப் போனது; துண்டு தீனதயாளனின் கைக்கு. ஜுல்பிகர் இம்முறை படுக்கவில்லை, நிமிர்ந்தே உட்கார்ந்தார். வேகம் ஏறக் கொஞ்சம் அதிகத் தூரம் எடுத்தது. பிறகு முள் போய் நூறுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. காற்று அவர் சட்டையைப் பிடித்து உலுக்கியது. பின்னால் நௌஷீன் ஏதோ சொன்னார். ஹெல்மெட்டுக்குள் இரைச்சலில் ஜுல்பிகருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"முப்பத்தேழு!" என்று அம்சவள்ளி கத்தினார். "பாய் தனியா போனா முப்பத்தாறுதான? அக்கா சொன்னதுதான் கரெக்ட்டு!"

வண்டியை ஓரம் கட்டியதும் ஜுல்பிகர் கேட்டார்: "நடுவுல இன்னா சொன்ன?"

நௌஷீன் ஹெல்மெட்டைக் கழற்றினார். கண்கள் அகலமாக இருந்தன.

"சத்தமே இல்லீங்க. உங்க முதுகுக்கு பின்னால காத்தே இல்ல. என் துப்பட்டா கூட ஆடல. வூட்டுல சேர்ல ஒக்காந்த மாதிரி இருந்துச்சு. ரோடு மட்டும் ஓடுது."

ஜுல்பிகர் அதை யோசிக்கவே இல்லை. ஒரே வண்டியில் தாம் புயலில் இருந்தபோது தமக்கு ஒரு முழம் பின்னால் காற்றே இல்லாத ஓர் இடம் நூறு கிலோமீட்டர் வேகத்தில் கூடவே ஓடி வந்திருக்கிறது. அதைப் பார்க்காமல் எப்படி இருப்பது? தீனதயாளனைக் கூப்பிட்டு வண்டியை ஓட்டச் சொல்லி, தாம் பின்னால் ஏறிக்கொண்டார்.

போய்த் திரும்பி வந்தபோது ஜுல்பிகரின் தாடி இரண்டாகப் பிரிந்து காதோரம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இன்னாச்சு? காத்து இல்லாம இருந்துச்சா?" என்று நௌஷீன் கேட்டார்.

"எங்க? இவன் முதுகு இருக்கறது ஒரு சாண் அகலம். அம்புட்டு காத்தும் எனக்குத்தான் வந்துச்சு."

அம்சவள்ளி சிரித்துக்கொண்டே சோளக் குவியலைக் காலால் தள்ளிப் பரப்பத் தொடங்கினார். மணி எட்டாகியிருந்தது.